விலை வேறு, மதிப்பு வேறு: வால் ஸ்ட்ரீட்டைக் கணக்குப் போட வைத்த பெஞ்சமின் கிரகாம் யார்?

ஃபைனான்ஸ் படிக்கிறவர்களுக்கு 'வேல்யுவேஷன்' என்று ஒரு பாடம் உண்டு. ஒரு நிறுவனத்தின் பேலன்ஸ் ஷீட்டைக் கையில் கொடுத்து, இது உண்மையில் எவ்வளவு பெறும் என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியைப் பல்கலைக்கழக வகுப்பறைக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் பெஞ்சமின் கிரகாம். வாரன் பஃபெட்டின் குரு என்ற ஒற்றை வரியோடு இவரை முடித்துவிடுகிறோம். ஆனால், முதலீட்டாளர்களின் பணத்தில் 70 சதவீதத்தை இழந்த கதையும் இவருக்கு உண்டு. அதைத் தெரிந்துகொண்டால்தான் அவர் நடத்திய பாடமே புரியும்.

1894-ல் லண்டனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது அவர் பெயர் பெஞ்சமின் கிராஸ்பாம். ஒரு வயதிலேயே குடும்பம் நியூயார்க் வந்துவிட்டது. பீங்கான் பொருட்களை இறக்குமதி செய்து விற்பது அப்பாவின் தொழில். 1903-ல் அவர் இறந்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. அம்மா தரகரிடம் கடன் வைத்து, அதாவது மார்ஜினில், யு.எஸ். ஸ்டீல் பங்குகளை வாங்கினார். 1907 சரிவில் அந்தப் பணமும் போனது.

பையன் படிப்பில் கில்லாடி. கொலம்பியா பல்கலைக்கழக உதவித்தொகை, அதே குடும்பப் பெயர் கொண்ட உறவினரோடு ஏற்பட்ட பெயர்க் குழப்பத்தால் முதலில் கைநழுவியது. தவறு தெரிந்த பிறகு இடம் கிடைத்தது. 1914-ல், 20 வயதில், வகுப்பில் இரண்டாவது ஆளாகப் பட்டம் பெற்றார். ஆங்கிலம், கணிதம், தத்துவம் என மூன்று துறைகள் பாடம் நடத்தக் கூப்பிட்டன. வீட்டு நிலைமை விடவில்லை. வாரம் 12 டாலர் சம்பளத்துக்கு வால் ஸ்ட்ரீட் தரகு நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். முதல் உலகப் போர் நேரத்தில் ஜெர்மன் வாடை அடிக்கும் பெயர் சிக்கல் என்று குடும்பம் 'கிரகாம்' ஆனது.

65 டாலர் பங்குக்குள் 95 டாலர்

இன்றைக்கு எந்த நிறுவனத்தின் கணக்கையும் மொபைலிலேயே பார்க்கலாம். 1920-களில் அப்படி இல்லை. பல நிறுவனங்கள் பங்குதாரர்களுக்கு ஒன்றிரண்டு வரிகளுக்கு மேல் சொல்லாது. 1926-ல் அரசு அறிக்கை ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்த கிரகாமின் கண்ணில் ஒரு விஷயம் பட்டது. எண்ணெய்க் குழாய் நிறுவனங்கள், வாஷிங்டனில் உள்ள மாநிலங்களுக்கு இடையேயான வணிக ஆணையத்தில் கணக்கு தாக்கல் செய்கின்றன! உடனே ரயில் ஏறிவிட்டார்.

ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில் உடைந்தபோது பிரிந்த நிறுவனங்களில் ஒன்று நார்தர்ன் பைப்லைன். அதன் பங்கு சுமார் 65 டாலருக்கு விற்றுக்கொண்டிருந்தது. ஆனால் தொழிலுக்குத் தேவைப்படாமல் அது பத்திரங்களில் போட்டு வைத்திருந்த பணம், பங்கு ஒன்றுக்குக் கணக்குப் பார்த்தால் சுமார் 95 டாலர். குழாய்களைச் சும்மா கொடுத்து, மேலே 30 டாலரும் கொடுத்த மாதிரி!

2,000 பங்குகளை வாங்கினார். நிர்வாகத்திடம் போய், தேவையில்லாத பணத்தைப் பங்குதாரர்களுக்கே கொடுங்கள் என்றார். அவர்கள் மதிக்கவில்லை. 1927-ல் பென்சில்வேனியாவின் ஆயில் சிட்டியில் நடந்த ஆண்டுக் கூட்டத்துக்குப் போனார். அங்கே அவர் கொண்டுவந்த கோரிக்கையை வழிமொழியக்கூட ஆள் இல்லாததால் பேசவே முடியவில்லை. அடுத்த ஆண்டு மற்ற பங்குதாரர்களின் வாக்குரிமையைத் திரட்டி வந்து இயக்குநர் குழுவில் இடம் பிடித்தார். கடைசியில் பங்குக்கு 70 டாலர் பிரித்துக் கொடுக்கப்பட்டது.

பாடம் நடத்தியவரே விழுந்தார்

இதே காலத்தில் கொலம்பியாவில் மாலை வகுப்பு எடுக்க ஆரம்பித்தார். புத்தகக் கணக்கு கிடையாது. அன்றைக்குச் சந்தையில் விற்கும் பங்குகள்தான் உதாரணம். டேவிட் டாட் என்ற இளம் ஆசிரியர் குறிப்பெடுத்தார்.

அப்புறம் 1929. கிரகாம் நிர்வகித்த நிதி சுமார் 25 லட்சம் டாலர். முதல் ஆண்டில் 20 சதவீதம்தான் நஷ்டம். சந்தை விழுந்துவிட்டது, இனி மலிவுதான் என்று நம்பி கடன் வாங்கிய பணத்தோடு உள்ளே நின்றார். 1930-ல் 50 சதவீதம் போனது. 1932 முடிவில் மொத்த இழப்பு 70 சதவீதம். இழந்ததை மீட்டுத் தரும்வரை ஊதியம் கிடையாது என்பது அவரே போட்ட ஒப்பந்தம். ஐந்து ஆண்டுகள் அந்த வேலைக்கு ஒரு காசு வாங்கவில்லை. அம்மா 1907-ல் எப்படி மாட்டினாரோ, கணக்கு தெரிந்த மகனும் கிட்டத்தட்ட அப்படித்தான் மாட்டினார்.

1932-ல் அவர் மேற்பார்வையில் கொலம்பியாவில் ஓர் ஆய்வு நடந்தது. நியூயார்க் சந்தையில் பட்டியலான சுமார் 600 தொழில் நிறுவனங்களில் 200-க்கும் மேற்பட்டவை, நடப்புச் சொத்துகளிலிருந்து கடன்களைக் கழித்தால் வரும் தொகையைவிடக் குறைவாக விற்றன. கட்டடம், இயந்திரம் எதையும் சேர்க்காமலேயே! கடையை இழுத்து மூடினால் கிடைப்பதைவிடக் கம்மி விலை.

டாட்டின் குறிப்புகளும் இந்த அனுபவமும் சேர்ந்து 1934-ல் 'செக்யூரிட்டி அனாலிசிஸ்' என்ற தடிமனான நூலாக வந்தது. 'மார்ஜின் ஆஃப் சேஃப்டி' என்று இன்று மாணவர்கள் எழுதும் கருத்து அதில் இருக்கிறது. ஒரு பங்கு 100 பெறும் என்று உங்கள் கணக்கு சொன்னால், 60, 65-க்குக் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். கணக்கு தப்பினாலும் தாங்கும். எக்செல்லில் பத்து ஆண்டு வளர்ச்சியை நிரப்பி மதிப்பு கண்டுபிடிக்கும் இன்றைய முறை கிரகாமுக்குப் பிடித்திருக்காது என்றே தோன்றுகிறது. எதிர்காலக் கணிப்புகளை அவர் எப்போதும் சந்தேகத்தோடுதான் பார்த்தார்.

1949-ல் சாதாரண மக்களுக்காக 'தி இன்டலிஜென்ட் இன்வெஸ்டர்' எழுதினார். அதைப் படித்துவிட்டுக் கொலம்பியாவுக்கு வந்த மாணவர்தான் பஃபெட். 1954 முதல் கிரகாமிடமே வேலை பார்த்தார். 1956-ல் கிரகாம் நிறுவனத்தை மூடிவிட்டு கலிஃபோர்னியாவுக்குக் குடிபோய், அங்கும் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார்.

இதில் ஒரு வேடிக்கை. 1948-ல் சுமார் 7 லட்சம் டாலருக்கு கெய்கோ என்ற வாகனக் காப்பீட்டு நிறுவனத்தில் பாதியை வாங்கினார். பணத்தைப் பல இடங்களில் பிரித்துப் போடச் சொன்னவர், இந்த ஒரே நிறுவனத்தில் நிதியின் கணிசமான பகுதியை இறக்கியது அவர் வழக்கத்துக்கு நேர்மாறு. ஆனால் அதில் வந்த லாபம், அவருடைய மற்ற எல்லா முதலீடுகளின் லாபத்தையும் சேர்த்தாலும் அதைவிட அதிகம். 1976 செப்டம்பரில் பிரான்ஸில் இறப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1973-ல் வந்த புத்தகத் திருத்தப் பதிப்பில் இந்த விஷயத்தை அவரே எழுதினார். நிறுவனத்தின் பெயரை மட்டும் சொல்லவில்லை.