கிட்ட ஒரு கணக்கு, எட்ட ஒரு கணக்கு: ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் (1857–1894)



சென்ற காலாண்டுக் கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, சி பிளாக்கைச் சேர்ந்த ஒரு மூத்த அம்மா தன் புது டெபிட் கார்டை என்னிடம் காட்டினார். மெஷின் மேல் காட்டினாலே பணம் போய்விடுகிற கார்டு அது. பஸ்ஸில் பக்கத்தில் நிற்கிற எவனாவது ஒரு மெஷினை வைத்துக்கொண்டு பணத்தை உருவிவிட மாட்டானா என்பது அவருடைய பயம். கூடவே இன்னொரு கேள்வியும் கேட்டார். டோல்கேட்டில் கார் கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக்கை மட்டும் அத்தனை தூரத்திலிருந்து படிக்கிறார்களே, அது எப்படி?

பின் நம்பர் இல்லாமல் ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரைதான் போகும் என்ற விதியைச் சொன்னேன். விதி தெரிந்ததே தவிர, காரணம் தெரியவில்லை. நான் பி.காம். படித்தவன். ஆயுசில் பாதியை வங்கி கவுன்டரில் கழித்தவன். காரணத்தைத் தேடிப் போனதில் ஒரு மனிதரிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் பெயரை நீங்கள் தினமும் உச்சரிக்கிறீர்கள். எஃப்.எம். ரேடியோவின் மெகாஹெர்ட்ஸ், கம்ப்யூட்டர் வாங்கும்போது சொல்கிற கிகாஹெர்ட்ஸ் எல்லாம் அவர் பெயர்தான். அவர் வாழ்ந்தது 36 ஆண்டுகள்தான்.

ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் 1857 பிப்ரவரி 22 அன்று ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் பிறந்தார். அப்பா வக்கீல், பின்னாளில் நகரத்தின் செனட்டர். யூத வழியில் வந்த குடும்பம்; அப்பா சிறுவனாக இருந்தபோதே கிறிஸ்தவத்துக்கு மாறிவிட்டது. இந்த விவரத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

பையனுக்குப் புத்தகமும் வேண்டும், கைவேலையும் வேண்டும். பள்ளி நாட்களிலேயே அரபு மொழி படித்தார். மரவேலையும் கடைசல் வேலையும் கற்றுக்கொண்டார். அவர் புரொபசர் ஆகிவிட்டார் என்று கேள்விப்பட்டபோது, கடைசல் சொல்லிக்கொடுத்த ஆசான், ஒரு நல்ல தொழிலாளி போய்விட்டானே என்று வருத்தப்பட்டாராம். பின்னால் அவர் செய்த சோதனைகளை நிறுத்தி வைத்தது இந்தக் கைப்பழக்கம்தான்.

முதலில் என்ஜினீயர் ஆகத்தான் கிளம்பினார். பிராங்பர்ட், டிரெஸ்டன், நடுவில் ஓராண்டு ராணுவச் சேவை என்று சுற்றிவிட்டு, 1877-இல் மியூனிக் வந்ததும் தன் மனம் இயற்பியலில்தான் இருக்கிறது என்று கண்டுகொண்டார். பாதை மாறுவதற்கு அப்பாவின் சம்மதத்தைக் கடிதம் எழுதிப் பெற்றார். அடுத்த ஆண்டு பெர்லினில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற பெரிய மேதையிடம் மாணவராகச் சேர்ந்தார். 1880-இல் டாக்டர் பட்டம்.

அந்தக் காலத்துப் பெரிய கேள்வி என்ன என்று இங்கே சொல்லிவிட வேண்டும். மின்சாரமும் காந்தமும் சேர்ந்து அலையாகப் பரவும், ஒளியும் அப்படிப்பட்ட அலைதான் என்று ஸ்காட்லாந்துக்காரர் மேக்ஸ்வெல் 1860-களில் கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார். கணக்கு அழகாக இருந்தது. ஆனால் அதைச் சோதனையில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி நிரூபித்தவர் யாரும் இல்லை. 1879-இல் பெர்லின் அகாடமி இது சம்பந்தமாக ஒரு பரிசுக் கேள்வி அறிவித்தது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் தன் மாணவரை முயன்று பார்க்கச் சொன்னார். ஹெர்ட்ஸ் உட்கார்ந்து கணக்குப் பார்த்துவிட்டு, இருக்கிற கருவிகளால் முடியாது என்று விலகிக்கொண்டார். அந்த ஆண்டுதான் மேக்ஸ்வெல்லும் காலமானார்.

கீல் நகரத்தில் சில காலம் இருந்துவிட்டு, 1885-இல் கார்ல்ஸ்ரூவே தொழில்நுட்பக் கல்லூரியில் புரொபசர் ஆனார். அங்கே உடன் வேலை பார்த்தவரின் மகள் எலிசபெத் டோல் என்பவரை 1886-இல் மணந்தார். அந்த ஆண்டே, வகுப்பில் காட்டுவதற்காக வைத்திருந்த இரண்டு கம்பிச் சுருள்களைப் பரீட்சித்துக்கொண்டிருந்தார். ஒன்றில் மின்சாரத்தைப் பாய்ச்சினால், தொடுப்பே இல்லாத இன்னொன்றின் இடைவெளியில் சிறு பொறி பறந்தது. வேறு யாராவது என்றால் பார்த்துவிட்டு நகர்ந்திருப்பார்கள். ஏழு ஆண்டுக்கு முன் முடியாது என்று வைத்த கேள்விக்கு வழி கிடைத்துவிட்டது என்று ஹெர்ட்ஸுக்குத் தோன்றியது.

அவர் செய்த கருவி எளிமையானது. நேர்கோட்டில் இரண்டு செப்புக் கம்பிகள், வெளி முனைகளில் துத்தநாக உருண்டைகள், நடுவில் ஒரு சிறு இடைவெளி. அதில் பொறி பறக்கும்போது மின்சாரம் கம்பியில் முன்னும் பின்னும் படுவேகமாக ஊசலாடும். வாங்கிக்கொள்வதற்கு ஒரு கம்பி வளையம், அதிலும் மயிரிழை இடைவெளி. அந்த இடைவெளியில் பொறி தெரிந்தால் அங்கே மின்புலம் வந்து சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பொறியோ கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம். இருட்டு அறையில், கண் பழகும் வரை காத்திருந்து, வளையத்தை ஒவ்வோர் இடமாக நகர்த்திப் பார்க்க வேண்டும். உலகத்தின் முதல் ரேடியோ ஆன்டெனாக்கள் இவைதான் என்று சொல்லலாம்.

பொறி நன்றாகத் தெரியட்டும் என்று வளையத்தை ஒரு பெட்டியால் மூடினார். பொறி குறைந்துவிட்டது! முதல் பொறியிலிருந்து வரும் புற ஊதா ஒளி இரண்டாவது பொறிக்கு உதவுகிறது என்று மாதக்கணக்கில் சோதித்துக் கண்டுபிடித்து, 1887-இல் எழுதி வைத்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினார். அதற்கு விளக்கம் சொன்னவர் ஐன்ஸ்டைன், 1905-இல். அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது அந்த விளக்கத்துக்காகத்தான்.

1888-இல் கல்லூரியின் பெரிய வகுப்பறையில், சுமார் 15 மீட்டர் நீளமுள்ள கூடத்தில், ஒரு சுவரில் துத்தநாகத் தகடு அடித்தார். போகிற அலையும் மோதித் திரும்புகிற அலையும் சேர்ந்து, சில இடங்களில் பொறி பெரிதாகவும் சில இடங்களில் இல்லாமலும் இருந்தது. அலை என்பதற்கு அதுவே சாட்சி. அலைநீளம் சுமார் 10 மீட்டர் என்று அளந்தார். பிறகு 66 செ.மீ. அலைகளை உண்டாக்கி, வளைந்த தகடுகளால் குவித்தார். சுமார் 600 கிலோ எடையில் கீல் பட்டகம் ஒன்று செய்து, ஒளி வளைவதைப் போலவே இந்த அலையும் வளைகிறது என்று காட்டினார். மேக்ஸ்வெல் சொன்னது சரி என்று உலகம் ஒப்புக்கொண்டது.

இனி சி பிளாக் அம்மாவின் கேள்விக்கு வருகிறேன்.

தன் அளவுகளில் ஹெர்ட்ஸுக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. கருவியை விட்டுத் தள்ளி அளந்தால் எல்லாம் அலை போல ஒழுங்காக இருந்தது. கிட்டே அளந்தால், விசை நேரமே எடுத்துக்கொள்ளாமல் தாவுவது போலத் தோன்றியது. ஒரே கருவி, ஒரே கூடம், ஆனால் இரண்டு விதக் கணக்கு. 1889-இல் மேக்ஸ்வெல்லின் சமன்பாடுகளை எடுத்து, மிகச் சிறிய ஓர் ஆன்டெனாவைச் சுற்றிப் புலம் எப்படி இருக்கும் என்று முழுவதும் கணக்கிட்டு, படமும் வரைந்தார். இன்றைக்கும் என்ஜினீயரிங் மாணவர்கள் ஆன்டெனா பாடத்தை அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

அவர் கண்டதை நமக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். ஆன்டெனாவுக்கு மிக அருகில், சக்தியின் பெரும்பகுதி வெளியே போய்விடுவதில்லை. ஒவ்வோர் ஊசலிலும் வெளியே வந்து, திரும்பவும் ஆன்டெனாவுக்கே போய்விடுகிறது. பக்கத்து வீட்டுக்குக் கைமாற்றாகக் கொடுத்த பணம் மாதிரி. கொடுப்போம், வாங்குவோம், தெருவைத் தாண்டாது. ஒரு சிறு பங்கு மட்டும் புலக்கோடுகள் கண்ணிகளாக மூடிக்கொண்டு அறுந்து, வெளியே கிளம்பிவிடுகிறது. அது மணியார்டர் மாதிரி. அனுப்பியது போனதுதான், திரும்பாது. அதுதான் அலை.

இரண்டுக்கும் குறையும் வேகம் வேறு. கைமாற்றுப் புலம் தூரத்தின் மும்மடியில் குறையும். தூரம் இரண்டு மடங்கானால் எட்டில் ஒரு பங்கு, பத்து மடங்கானால் ஆயிரத்தில் ஒரு பங்கு. அலைப்புலமோ தூரம் இரண்டு மடங்கானால் பாதிதான் ஆகும். ஆகவே கிட்டே முன்னது மிகப் பெரியது. எட்டப் போனால் பின்னது மட்டுமே மிச்சம். எல்லை எங்கே? அலைநீளத்தை 6.28-ஆல் வகுத்தால் வருவது ஏறத்தாழ அந்த எல்லை. ஹெர்ட்ஸின் 10 மீட்டர் அலைக்கு அது சுமார் ஒன்றரை மீட்டர். அவர் கூடத்திலேயே இரண்டு ராஜ்யங்களும் இருந்தன. குழப்பம் வந்ததில் ஆச்சரியமே இல்லை.

இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது. அவர் கணக்கில் ஒரு பிழையும் இருந்தது. மின்தேக்கத்தை இரண்டு மடங்காக எடுத்துக்கொண்டதால் ஊசல் நேரம் சுமார் 1.4 மடங்கு அதிகமாகிவிட்டது. பிரான்ஸின் பாய்ன்காரே அதைச் சுட்டிக்காட்டினார். கம்பி வழியே அலை மெதுவாகப் போகிறது என்று ஹெர்ட்ஸ் அளந்ததும் தவறு என்று தெரிந்தது. ஜெனீவாவில் இரண்டு விஞ்ஞானிகள் பெரிய கூடத்தில் அளந்து, காற்றிலும் கம்பியிலும் வேகம் ஒன்றே என்று காட்டினார்கள். 1892-இல் தன் கட்டுரைகளைப் புத்தகமாகப் போட்டபோது, பழைய தவறுகளைச் சத்தமில்லாமல் திருத்தி மறைக்கவில்லை. இருந்தபடியே விட்டு, எங்கே தவறினேன் என்று குறிப்பு எழுதிச் சேர்த்தார். எங்கள் லெட்ஜரில் தப்பான தொகையைச் சுரண்டக் கூடாது. கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒழுங்கு தெரிந்தவர் அவர்.

1889-இல் பான் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அடுத்த ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியின் ரம்ஃபோர்ட் பதக்கம். 1892-இல் சளி போலத் தொடங்கிய நோய் மூக்கு, காது, எலும்பு என்று பரவியது. பல முறை அறுவை செய்தும் தீரவில்லை. அந்த வலியோடு இயக்கவியல் பற்றிய தன் கடைசிப் புத்தகத்தை முடித்தார். 1894 ஜனவரி 1 அன்று காலமானார். மூத்த மகள் யோஹன்னாவுக்கு ஆறு வயது, இளையவள் மதில்டேவுக்கு மூன்று வயது நிறைய இரண்டு வாரம் பாக்கி.

தன் அலைகளால் செய்தி அனுப்பலாம் என்று அவர் நம்பியதில்லை. தொலைபேசிக் குரலை இப்படி அனுப்ப முடியுமா என்று கேட்ட ஓர் என்ஜினீயருக்கு, அவ்வளவு மெதுவான ஊசலின் அலைநீளம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வரும், குவிக்கும் ஆடியும் அதற்கேற்ற பெரிதாக இருக்க வேண்டும் என்று பதில் எழுதினார். கணக்கு சரி. வேகமான அலையின் முதுகில் குரலை ஏற்றலாம் என்பது பிறகு வந்த யோசனை. அவர் மறைந்த அதே ஆண்டு இத்தாலியில் மார்க்கோனி என்ற இளைஞர் அவரைப் பற்றிய அஞ்சலிக் கட்டுரையைப் படித்துத்தான் வேலையைத் தொடங்கினார். நம் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் 1895-இல் மில்லிமீட்டர் அளவுள்ள அலைகளால் தூரத்து மணியை ஒலிக்க வைத்தார்.

குடும்பத்தின் கதை இன்னும் முடியவில்லை. ஹிட்லர் ஆட்சியில், அந்த யூத வழித்தோன்றல் என்ற காரணத்துக்காக ஹாம்பர்க் நகரமன்றத்தில் மாட்டியிருந்த அவர் படத்தை எடுத்துவிட்டார்கள். உயிரியல் விஞ்ஞானியாக இருந்த மதில்டேவின் வேலைக்கு ஆபத்து வந்தது. அவருடைய கடைசிப் புத்தகத்தைப் பதிப்பித்த உதவியாளர் பிலிப் லெனார்டே நாஜிக் கொள்கையின் பெரிய ஆதரவாளர் ஆகியிருந்தார். 1930-களின் நடுவில் எலிசபெத் அம்மையாரும் இரண்டு மகள்களும் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். படத்தை எடுக்க முடிந்தது. 1930-இலேயே அலைவெண்ணின் அலகாகிவிட்ட பெயரை எடுக்க முடியவில்லை.

இப்போது கார்டுக்கு வருவோம். அது வேலை செய்வது 13.56 மெகாஹெர்ட்ஸில். அலைநீளம் சுமார் 22 மீட்டர், 6.28-ஆல் வகுத்தால் மூன்றரை மீட்டர். ஆகவே கார்டும் மெஷினும் கைமாற்று எல்லைக்குள்ளேயே இருக்கின்றன. ஹெர்ட்ஸின் கம்பியில் கிட்டே மின்புலம் ஓங்கியிருக்கும். கார்டில் இருப்பது வளையச் சுருள் என்பதால் காந்தப்புலம் ஓங்கியிருக்கும். குறைகிற கணக்கு அதேதான். கார்டில் பேட்டரி கிடையாது. மெஷினின் புலத்திலிருந்தே சக்தி எடுக்க வேண்டும். பத்து செ.மீ.-இல் இருப்பது ஒரு மீட்டரில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்று. அதனால்தான் நான்கைந்து செ.மீ. கிட்டே கொண்டுபோக வேண்டியிருக்கிறது. ஃபாஸ்டேக் 865 மெகாஹெர்ட்ஸ் பக்கம். எல்லை சுமார் ஐந்தரை செ.மீ.-இலேயே முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் மணியார்டர்தான், பல மீட்டர் போகும்.

எனவே, அம்மா, தெருவின் எதிர்ப்பக்கம் நிற்பவனைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆனால் நெரிசலில் பர்ஸை உரசி நிற்பவன் விஷயத்தில் கணக்கு நம்மைக் காப்பாற்றாது. அதற்குத்தான் தொகை வரம்பு. தேவையில்லை என்றால் வங்கியின் ஆப்பிலேயே அந்த வசதியை நிறுத்தி வைக்கலாம். எப்படி என்று தெரியாதவர்கள் ஞாயிறு காலை சங்க அலுவலகத்துக்குக் கார்டோடும் போனோடும் வாருங்கள். பின் நம்பரை மட்டும் என்னிடம்கூடச் சொல்லாதீர்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.