படங்களை ஆற்றில் எறிந்த மேதை

பாரீஸ் நகரம். 1892-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 28-ந்தேதி.

மோன்மார்த்ர் பெருவீதியில் கிரெவின் காட்சிசாலை என்று ஒன்று உண்டு. மெழுகினால் செய்த மனிதப் பொம்மைகளை அங்கே வைத்திருப்பார்கள். அவற்றைப் பார்ப்பதற்குத்தான் ஜனங்கள் வருவார்கள். ஆனால் அன்றைக்கு அவர்கள் பார்த்தது அசையாத பொம்மையை அல்ல.

விளக்கு அணைந்தது. வெள்ளைத் திரையில் ஒரு வீட்டுத் தோட்டம் தெரிந்தது. இரவு நேரம். ஆர்லகன் என்ற வாலிபன் தன் காதலியைப் பார்க்க வருகிறான். காதலி கொலம்பைன் வெளியே வருகிறாள். அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்படுகிறது. ஆர்லகன் ஓடி ஒளிகிறான். வருகிறவன் பியரோ. அவனுக்கும் அந்தப் பெண் மீது ஆசை. பாவம், அவன் பாட்டுப் பாடுகிறான். ஒளிந்திருந்தவன் பின்னால் வந்து தடியால் ஒரு போடு போடுகிறான். அடி விழுந்த அதே நொடியில் அடியின் சத்தமும் கேட்கிறது! பியரோ அலறிக் கொண்டு ஓடுகிறான்.

ஆடியது மனிதர்கள் அல்ல. வண்ணம் தீட்டிய சித்திரங்கள்! சித்திரம் நடந்தது, குதித்தது, ஓடியது. சினிமா என்ற ஒன்று அப்போது கிடையாது. லூமியே சகோதரர்கள் காசு வாங்கிக் கொண்டு ஊருக்குப் படம் காட்டியது 1895-ம் ஆண்டு டிசம்பர் 28-ந்தேதி. அதற்கு மூன்று ஆண்டு இரண்டு மாதம் முன்னாலேயே சித்திரத்துக்கு உயிர் வந்து விட்டது.

அந்த உயிரைக் கொடுத்தவர் திரைக்குப் பின்னால் இருட்டில் நின்று கொண்டிருந்தார். அவர் பெயர் எமில் ரேனோ.

தாயின் தூரிகை

ரேனோ 1844-ம் ஆண்டு டிசம்பர் 8-ந்தேதி, பாரீசை ஒட்டியுள்ள மோன்த்ரோய் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் எஞ்சினீயர், பதக்கங்களுக்கு அச்சு வெட்டுகிறவர். அந்த வேலையில் மயிரிழை பிசகினாலும் பதக்கம் கெட்டு விடும். தாயார் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவர். ரோஜாப் பூக்களை வரைந்து உலகப் புகழ் பெற்ற ரெதூத்தே என்ற ஓவியரிடம் வர்ணம் தீட்டப் பயின்றவர். மகன் பிறந்ததும் வேலையை விட்டு விட்டு, வீட்டிலேயே அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். அப்பாவிடம் கைநுணுக்கம், அம்மாவிடம் தூரிகை. பையனுக்கு வேறு பள்ளிக்கூடம் எதற்கு?

வாலிப வயதில் நுட்பமான கருவிகள் செய்யும் பட்டறையில் வேலை பழகினார். பிறகு போட்டோ எடுத்தார். போட்டோவில் உள்ள குறைகளை மெல்லிய தூரிகையால் திருத்தும் வேலையும் பார்த்தார். மொய்ஞோ என்ற பாதிரியார் ஊருக்கு விஞ்ஞானம் போதித்து வந்தார். மாய விளக்கு என்னும் படம் காட்டும் கருவியை வைத்துக் கொண்டு பேசுவார். அவருக்கு உதவியாளராகச் சேர்ந்தார் ரேனோ. வெளிச்சம், கண்ணாடி, திரை எல்லாம் கை வந்த கலை ஆயிற்று.

1865-ம் ஆண்டில் தகப்பனார் இறந்தார். தாயும் மகனும் லெ புய் என்ற சொந்த ஊருக்குப் போனார்கள். சில ஆண்டுகள் கழித்து அங்கே ஊர் மக்களுக்குத் தாமே விஞ்ஞானப் பாடம் நடத்தத் தொடங்கினார்.

பன்னிரண்டு கண்ணாடி

1876-ம் ஆண்டு. ஒரு சின்னக் குழந்தைக்கு விளையாட்டுச் சாமான் செய்து கொடுக்க நினைத்தார். அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

சுழலும் உருளைக்குள் படப் பட்டையை வைத்து, உருளையில் வெட்டிய துவாரங்கள் வழியாகப் பார்க்கும் பொம்மை அப்போது கடைகளில் விற்றது. படம் அசைவது போலத் தெரியும். ஆனால் துவாரம் குறுகலானது, வெளிச்சம் போதாது. படம் மங்கி விடும்.

ரேனோ துவாரத்தை அடைத்து விட்டார். உருளையின் உட்புறம் 12 படங்கள் கொண்ட காகிதப் பட்டை. நடுவே, சரியாகப் பாதி தூரத்தில், 12 சிறு கண்ணாடிகளை வட்டமாக நிறுத்தினார். உருளையும் கண்ணாடியும் சேர்ந்து சுழலும். படத்தை நேரே பார்க்க வேண்டாம். கண்ணாடியில் பார்த்தால் போதும். ஒரு கண்ணாடி விலகும்போது அடுத்த கண்ணாடி அந்த இடத்துக்கு வந்து விடும். படம் நடுவில் நின்ற இடத்திலேயே நின்று கை காலை ஆட்டும். மங்கலும் இல்லை, நடுக்கமும் இல்லை.

அதற்குப் பிராக்சினாஸ்கோப் என்று பெயர் வைத்தார். 1877-ம் ஆண்டு உரிமைப் பத்திரம் வாங்கினார். பாரீசுக்கே திரும்பி வந்து பட்டறை போட்டார். 1878-ம் ஆண்டு உலகப் பொருட்காட்சியில் பாராட்டுக் கிடைத்தது. வியாபாரமும் நடந்தது. இத்தோடு நின்றிருந்தால் பொம்மை வியாபாரியாக நிம்மதியாகக் காலம் தள்ளியிருக்கலாம்.

ஆனால் 12 படத்தில் என்ன கதை சொல்ல முடியும்? ஒரு பெண் கயிறு தாண்டுவாள். மறுபடியும் அதே கயிறு, அதே தாண்டல். செக்கு மாடு போலச் சுற்றிச் சுற்றி வரும். ரேனோவுக்குக் கதை வேண்டியிருந்தது. ஒருவன் வர வேண்டும், போக வேண்டும், திரும்பி வராமலும் இருக்க வேண்டும்.

பத்து ஆண்டுக்கு மேல் அதே சிந்தனை. 1888-ம் ஆண்டு டிசம்பரில் புதிய யந்திரத்துக்கு உரிமை கேட்டு மனுப் போட்டார். இப்போது படங்கள் உருளைக்குள் அடைபட்டிருக்கவில்லை. நீண்ட பட்டையாக ஒரு சக்கரத்திலிருந்து அவிழ்ந்து இன்னொரு சக்கரத்தில் சுற்றிக் கொண்டன. படத்துக்குப் படம் நடுவில் ஒரு துளை. சக்கரத்தின் முளைகள் அந்தத் துளையில் மாட்டி இழுக்கும். பின்னால் வந்த சினிமாப் பிலிமிலும் ஓரத்தில் துளைகள் உண்டு அல்லவா? அந்த யோசனை இங்கே முன்னதாகவே இருந்தது.

கறுப்பு மையின் தந்திரம்

இந்தக் காலத்தில் பொம்மைப் படம் பழகுகிற பிள்ளைகள் கணிப்பொறியின் முன் உட்காருகிறார்கள். பந்து முதல் நொடியில் இங்கே இருக்கிறது என்று ஒரு குறி வைப்பார்கள். மூன்றாவது நொடியில் அங்கே இருக்க வேண்டும் என்று இன்னொரு குறி. இந்தக் குறிக்குக் கீபிரேம் என்று பெயர். இரண்டுக்கும் நடுவில் உள்ள படங்களைக் கணிப்பொறியே போட்டுக் கொள்ளும். பந்து வளைந்து போக வேண்டுமா? வளைந்த கோடு ஒன்று இழுத்தால் அந்தப் பாதையிலேயே போகும். அது மோஷன் பாத். உருவம் மட்டும் தெரிந்து சுற்றிலும் உள்ளது மறைய வேண்டுமா? அதற்கு மாஸ்க்.

ரேனோவுக்கு நடுப் படங்களைப் போட்டுத் தர யாரும் இல்லை. ஏழை பியரோ என்ற அந்தக் கதைக்கு 500 படங்கள். ஒவ்வொன்றும் கண்ணாடி போன்ற மெல்லிய ஜெலட்டின் சதுரத்தில் கையால் வரைந்து வர்ணம் தீட்டியது. பியரோ கதவிலிருந்து மதில் வரை நடக்க வேண்டுமானால், முதல் சதுரத்தில் கால் எங்கே, அடுத்ததில் எங்கே, அதற்கு அடுத்ததில் எங்கே என்று அவரே அளந்து வைக்க வேண்டும். ஒரு சதுரத்தில் கை தவறினால் திரையில் பியரோ தூக்கிப் போடுவான்.

தோட்டத்தையும் 500 தடவை வரைய முடியுமா? இங்கேதான் ரேனோவின் மூளையைப் பார்க்க வேண்டும். சதுரத்தில் உருவத்தை மட்டும் வரைந்து, சுற்றியுள்ள இடம் முழுவதையும் கறுப்பு மையால் அடைத்து விட்டார். கறுப்பில் வெளிச்சம் நுழையாது. உருவம் மட்டுமே திரையில் விழும். தோட்டத்தைத் தனியாக ஒரே ஒரு படமாக வரைந்து, வேறொரு மாய விளக்கின் மூலம் அதே திரையில் போட்டார். நிலையான தோட்டத்தின் மேல் பியரோ நடமாடினான்! கணிப்பொறியில் மாஸ்க் போடும் பிள்ளைகள் செய்கிற காரியத்தை, ஒரு புட்டி மையை வைத்துக் கொண்டு செய்து விட்டார் மனிதர்.

சத்தத்துக்கும் வழி வைத்திருந்தார். தடியடி விழும் இடத்தில் பட்டையில் ஒரு சிறு உலோகத் துண்டு. அது வந்ததும் மின்சாரம் பாய்ந்து ஒரு கருவி தட்டும். பியானோ இசையை காஸ்தோன் போலான் என்பவர் அமைத்தார்.

திரைக்குப் பின்னால்

முதல் நாள் மூன்று கதைகள் காட்டினார். பியரோவைத் தவிர, 700 படங்களில் ஒன்று, கோமாளியும் நாய்களும் 300 படங்களில் ஒன்று. 1894-ம் ஆண்டில் கடற்கரைக் கதை ஒன்று வந்தது, 636 படங்கள். கடலில் குளிக்கிறவர்கள், பறக்கும் பறவைகள், உடை மாற்றும் அறைக்குள் எட்டிப் பார்த்து உதை வாங்கும் மைனர் என்று ஒரே சிரிப்பு. கடைசியில் ஒரு படகு வரும். காட்சி முடிந்தது என்று அதன் பாயில் எழுதியிருக்கும்.

500 படத்தை விடாமல் ஓட்டினால் சில நிமிடத்தில் தீர்ந்து போகும். ரேனோ அதைக் கால் மணி நேரம் காட்டினார். கைகளால் சக்கரத்தைச் சுற்றுவார். ஜனங்கள் சிரிக்கும் இடத்தில் பின்னுக்குச் சுற்றி மறுபடி முன்னுக்கு விடுவார். பியரோ தயங்குவான், திரும்புவான், மறுபடி வருவான். சில இடங்களில் படத்தை நிறுத்தியே வைப்பார். மேடை நடிகன் சபையின் மனம் அறிந்து நடிப்பது போலத்தான் இதுவும். அவர் கை பட்டால்தான் பியரோ நடிப்பான். வேறு ஆளிடம் ஒப்படைக்க முடியாத வித்தை அது.

அதுவே வினையாகவும் முடிந்தது. இந்தக் காட்சியை வேறு எங்கும் நடத்தக் கூடாது என்று காட்சிசாலை ஒப்பந்தம் எழுதி வாங்கியிருந்தது. நாள்தோறும் பல காட்சி. அத்தனைக்கும் அவரே நிற்க வேண்டும். பட்டைகள் தேய்ந்தால் அவரே பழுது பார்க்க வேண்டும். புதிய கதை வரைய நேரம் எங்கே?

லூமியே சகோதரர்களின் படத்தில் வர்ணம் இல்லை. கதையும் பெரிதாக இல்லை. ஆனால் ஒரு நிமிடப் படத்தை ஒரு நிமிடத்தில் எடுத்து விடலாம்! பிரதி போட்டு உலகமெங்கும் அனுப்பலாம். ரேனோவுக்கோ ஒரு கதைக்கு மாதக்கணக்கில் வேலை. இருப்பது ஒரே பிரதி. வாரந்தோறும் புதுப் படம் கேட்டுப் பழகிய ஜனங்களுக்கு இவர் எதைக் கொடுப்பார்?

அவரும் சும்மா இருக்கவில்லை. 1896-ம் ஆண்டில் பூத்தி, ஷொக்கொலா என்ற இரண்டு புகழ் பெற்ற கோமாளிகளைப் போட்டோ எடுத்து, அந்தப் படங்களுக்குக் கையால் வர்ணம் தீட்டிக் காட்டினார். மறு ஆண்டும் அதே போல் ஒன்று செய்தார். ஓடுகிற ரயிலை நடந்து பிடிக்க முடியவில்லை. 1900-ம் ஆண்டு மார்ச் மாதத்தோடு காட்சி நின்றது. அதற்குள் அரை லட்சம் அல்ல, ஐந்து லட்சம் பேருக்கு மேல் பார்த்திருந்தார்கள். நடந்த காட்சிகள் சுமார் 12,800.

சேன் நதி

அதற்குப் பிறகு அவரைத் தேடி யாரும் வரவில்லை. வேறு கருவிகள் செய்து பார்த்தார், விலை போகவில்லை. கடன் ஏறியது. பாரீசில் தெருவுக்குத் தெரு சினிமாக் கொட்டகைகள் எழுந்தன. கோடிக் கணக்கில் பணம் புரண்டது. அதில் ஒரு காசு அவருக்குச் சேரவில்லை.

1910-ம் ஆண்டுக்குப் பிறகு ஒரு நாள். மனம் உடைந்த கிழவர் சுத்தியலை எடுத்தார். தாமே இழைத்து இழைத்துச் செய்த யந்திரத்தை அடித்து நொறுக்கினார். பிறகு பட்டைகளைச் சேன் நதிக்கு எடுத்துப் போய், ஒவ்வொன்றாகத் தண்ணீரில் வீசினார். கோமாளி போனான், நாய்கள் போயின. பெற்ற பிள்ளைகளைத் தகப்பனே ஆற்றில் விட்டது போல என்றுதான் சொல்ல வேண்டும்.

1917-ம் ஆண்டு மார்ச் மாதம் அவரை இவ்ரி என்ற ஊரில் உள்ள ஆதரவற்றோர் மருத்துவ விடுதியில் சேர்த்தார்கள். அதுவும் அதே நதிக்கரையில் உள்ள ஊர்தான். உலக யுத்தம் நடந்து கொண்டிருந்த நேரம். 1918-ம் ஆண்டு ஜனவரி 9-ந்தேதி அங்கேயே கண்ணை மூடினார். வயது 73.

உலக அனிமேஷன் தினம் என்று 2002-ம் ஆண்டு முதல் அக்டோபர் 28-ந்தேதி கொண்டாடப்படுகிறது. மெழுகுப் பொம்மைச் சாலையில் பியரோ அடி வாங்கிய அதே தேதி.

பியரோவும் கடற்கரைக் கதையும் மட்டும் ஆற்றுக்குத் தப்பி விட்டன. இரண்டையும் பழுது பார்த்து, சினிமாப் பிலிமில் பிரதி எடுத்திருக்கிறார்கள். பியரோ இப்போது சுமார் நாலு நிமிடம் ஓடுகிறான். முன்னும் பின்னும் இழுத்து அவனைக் கால் மணி நேரம் நடிக்க வைத்த கைகள் இல்லை.