ஆ. இலட்சுமணசாமி முதலியார்

ஆற்காடு இலட்சுமணசாமி முதலியார் (அக்டோபர் 14, 1887 – ஏப்ரல் 15, 1974) மகப்பேறு மருத்துவரும் கல்வியாளரும் ஆவார். 1942 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகப் பணியாற்றினார்.

வாழ்க்கை

கர்நூலில் பிறந்த இவரும் ஆற்காடு இராமசாமி முதலியாரும் இரட்டையர். சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர் இவரே. 1963 இல் பத்ம விபூசண் விருது பெற்றார்.

தேர்வுச் சீர்திருத்தம்

1952 இல் இந்திய அரசு அமைத்த இடைநிலைக் கல்விக் குழுவுக்கு இவர் தலைமை தாங்கினார். பொதுத்தேர்வே கற்பித்தலை ஆட்டிப்படைக்கிறது, மனப்பாடமே மேலோங்குகிறது என்று இக்குழு கண்டது. 1953 ஆம் ஆண்டு அறிக்கையின் முதன்மைப் பரிந்துரைகள்:

* இடைநிலைக் கல்வியின் முடிவில் ஒரே ஒரு பொதுத்தேர்வு.
* ஒவ்வொரு மாணவருக்கும் பள்ளிப் பதிவேடு; அதற்கும் பள்ளித் தேர்வுகளுக்கும் இறுதி மதிப்பீட்டில் இடம்.
* கட்டுரை வினாக்களோடு புறவய வினாக்கள்.
* எண்களுக்கு மாற்றாகத் தரக்குறியீடுகள்.
* தவறிய பாடத்தை மட்டும் மீண்டும் எழுதும் வாய்ப்பு.

தாக்கம்

பள்ளியிறுதியில் பொதுத்தேர்வின் முதன்மை பின்னரும் நீடித்தது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து, 2012-13 இல், தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையான வகுப்புகளுக்குத் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு அறிமுகமானது. இராசபாளையம், திருவில்லிபுத்தூர் முதலிய ஊர்களின் அரசுப் பள்ளிகளும் இதில் அடங்கும். இதில் வகுப்பறைச் செயல்பாடுகளை உள்ளடக்கிய வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண்களும், பருவ இறுதித் தேர்வான தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 மதிப்பெண்களும் ஒதுக்கப்பட்டன.