நோயாளரின் நண்பர்

பாட்டால் புகழ் பெற்றோர் பலர். பாட்டாலும் தொண்டாலும் ஒருங்கே புகழ் பெற்றோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன்.

விட்மன் 1819ஆம் ஆண்டு நியூயார்க்கை அடுத்த லாங் தீவில், ஒரு தச்சரின் மகனாய்ப் பிறந்தார். குடும்பத்தின் வறுமையால் 11ஆம் வயதிலேயே பள்ளியை விட்டு வேலைக்குச் சென்றார். அச்சுக்கோப்பவராகவும் பள்ளி ஆசிரியராகவும் இதழாசிரியராகவும் பணியாற்றினார். 1855இல் ‘புல்லின் இதழ்கள்’ என்னும் கவிதை நூலை வெளியிட்டார்.

1861இல் அமெரிக்காவின் வட மாநிலங்களுக்கும் தென் மாநிலங்களுக்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்டது. 1862 டிசம்பர்த் திங்களில், தம் தம்பி ஜார்ஜ் போரில் காயமுற்றதைச் செய்தித்தாளின் வாயிலாக விட்மன் அறிந்தார். நெஞ்சம் பதைத்து வர்ஜீனியாவிலிருந்த படைவீட்டிற்கு விரைந்தார். தம்பிக்குக் கன்னத்தில் சிறு காயமே ஏற்பட்டிருந்தது. ஆயினும், அங்கே கை கால் இழந்து கிடந்த பிற வீரர்களின் துன்பம் அவர் உள்ளத்தை உருக்கியது. காயமுற்றோருடன் தலைநகராகிய வாஷிங்டனுக்குச் சென்றவர், அங்கேயே தங்கிவிட்டார். அலுவலகம் ஒன்றில் நாள்தோறும் சில மணி நேரம் படியெடுக்கும் வேலை பார்த்தார். எஞ்சிய பொழுதை மருத்துவமனைகளில் செலவிட்டார்.

அவர் மருத்துவரல்லர், நோயாளரைக் காணச் செல்லும் ஓர் அன்பர், அவ்வளவே. ஆனால், அவ்வாறு செல்வதற்கும் அவர் தம்மைப் பக்குவப்படுத்திக் கொண்டார். புறப்படுமுன் இளைப்பாறி, நீராடி, தூய உடை உடுத்து, உணவு உண்பார். வாடிய முகம் நோயாளருக்கு ஆறுதல் தராது என்பதை அவர் அறிந்திருந்தார். ஒவ்வொருவருக்கும் வேண்டுவது யாது எனக் கேட்டுச் சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். ஒருவருக்குப் பழம், மற்றொருவருக்கு எழுதுதாளும் அஞ்சல்தலையும் எனத் தேவையறிந்து கொடுப்பார். எழுத இயலாதவர்க்காக வீட்டாருக்குத் தாமே கடிதம் எழுதுவார். இச்செலவுக்கு நண்பர்கள் பொருளுதவி செய்தனர். வடபடையினர், தென்படையினர் என்னும் வேறுபாடு அவர் அன்பிற்கு இல்லை.

1863ஆம் ஆண்டுக் கோடையில், குழலிசைக்கும் இளம் படைவீரர் ஒருவர் நச்சுக்காய்ச்சலால் படுத்திருந்தார். மூச்சுத்திணறலால் அவரால் மிகுதியாகப் பேச இயலவில்லை. விட்மன் அவரைப் பேசும்படி வருத்தவில்லை. வீண்மொழிகள் கூறித் தேற்றவும் முயலவில்லை. அருகில் அமைதியாக அமர்ந்து விசிறினார். வேண்டியபோது நீர் கொடுத்தார். ஆகஸ்டுத் திங்களில் அவ்விளைஞர் இறந்தார். விட்மன், தொலைவிலிருந்த பெற்றோருக்கு அவருடைய இறுதி நாட்களை விவரித்துக் கடிதம் எழுதினார். மகன் தனிமையில் மடியவில்லை என்னும் ஆறுதலேனும் அவர்களுக்குக் கிடைத்தது.

போர்க்காலத்தில் 600 முறைக்கு மேல் மருத்துவமனைகளுக்குச் சென்றதாக அவரே கணக்கிட்டுள்ளார். 1864இல் அவர் உடல்நலம் குன்றியது. சில திங்கள் வீட்டில் தங்கித் தேறியபின், மீண்டும் தொண்டுக்குத் திரும்பினார். 1873இல் பக்கவாதம் அவரைத் தாக்கியது. பிறர் படுக்கையருகே அமர்ந்தவரை, அதன்பின் நண்பர்கள் வந்து கண்டனர். 1892 மார்ச்சு 26ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார்.

நோயாளரைக் காண்பதும் ஒரு தொண்டே. மலர்ந்த முகமும், தேவையறிந்து உதவும் உள்ளமும், வேண்டும்போது வாய்மூடி அமரும் பண்பும் உடையவரே அத்தொண்டிற்கு உரியவர். விட்மனின் வாழ்க்கை நமக்கு உணர்த்தும் உண்மை இதுவே.