மாலிக் அம்பர்

நம் செட்டிநாட்டார் கப்பலேறியது பொருளீட்ட. மாலிக் அம்பரோ விலைப்பொருளாகவே கப்பலேறியவர். 1548-ஆம் ஆண்டையொட்டி அபிஸீனியாவில் பிறந்து, மோக்கா துறைமுகத்தில் விற்கப்பட்டு, பாக்தாதில் கைமாறி, அகமதுநகர் மந்திரி சிங்கிஸ்கானிடம் அடிமையாக வந்து சேர்ந்தார். அம்மந்திரியும் முன்னாள் அபிஸீனிய அடிமையே என்பதை நேயர்கள் கவனிக்க.

எஜமானர் இறந்தபின் விடுதலை பெற்றார். 1600-இல் அகமதுநகர்க் கோட்டை மொகலாயர் வசமாயிற்று. அப்பால் நிஜாம்ஷாஹி வமிசத்தவர் ஒருவரை அரியணையேற்றி, அம்பரே ராஜ்யபாரம் தாங்கினார். மராத்தியக் குதிரை வீரரைக்கொண்டு அவர் நடத்திய மறைபோரில் மொகலாய சைனியங்கள் அலைக்கழிந்தன. 1624-இல் பட்வாடியில் வென்ற காலை, சிவாஜியின் தந்தை ஷாஹாஜி அவர் பக்கம் நின்றார். இத்தகையாரை அந்நியர் என ஒதுக்க நாம் ஒருப்படோம். ஜஹாங்கீர் பாதுஷாவோ, அம்பரின் தலைமீது தாம் அம்பெய்வதாகச் சித்திரம் எழுதுவித்துத் திருப்தியடைந்தார்!

அவர் 1610-இல் நிர்மாணித்த கட்கி நகரம் பின்னாளில் ஔரங்கசீப்பின் பெயரைத் தாங்கிற்று. 1626-இல் அம்பர் காலமானார். 1636-க்குள் நிஜாம்ஷாஹி ராஜ்யமும் அழிந்தது.