விலை எழுதி வைத்த மரியானா ஸ்டார்க்

ஊர் பார்க்கப் போகிறவர்களுக்கு வழிகாட்டிப் புத்தகம் எழுதிய பெண்களில் முன்னோடி மரியானா ஸ்டார்க். இங்கிலாந்துக்காரர். அவருடைய அப்பா கிழக்கிந்தியக் கம்பெனி வேலையாக நம்ம சென்னையில் இருந்தவர். மரியானா முதலில் நாடகம் எழுதினார். அது கிடக்கட்டும். கணக்கு நோட்டும் கையுமாக இருக்கிற நம்ம குழுப் பெண்களுக்கு நான் சொல்ல வந்தது அவர் எழுதிய விலைக் கணக்கைப் பற்றி.

வீட்டில் காசநோய்க்காரர்கள். குளிர் ஆகாதென்று அந்தக் காலத்தில் இத்தாலிக்குக் கூட்டிப்போவாங்க. 1792 முதல் 1798 வரை அங்கே நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார். பிரெஞ்சுப் படை வந்ததையும் கண்ணால் பார்த்தார். 1800-ல் அதையெல்லாம் கடிதங்களாகப் புத்தகம் போட்டார்.

1815-ல் போர் முடிந்ததும் குடும்பம் குடும்பமாக ஆட்கள் கிளம்பினாங்க. அதுவரை பயணம் என்றால் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் வாத்தியாரோடு போவதுதான், புத்தகங்களும் அவர்களுக்கே. மரியானா திரும்பவும் போய், நேரில் பார்த்து எழுதினார். 1820-ல் லண்டன் பதிப்பாளர் ஜான் மர்ரே வெளியிட்டார். வீட்டு வாடகை எவ்வளவு, வண்டிக்கு எவ்வளவு, துணி வெளுக்க எவ்வளவு, எல்லாம் அதில் உண்டு. படுக்கை விரிப்பு, கொசுவலை, கதவுக்குப் பூட்டு, மருந்துப் பெட்டி எடுத்துக்கொள்ளச் சொன்னார். மூட்டைப்பூச்சிக்கு லாவண்டர் எண்ணெய் நாலு சொட்டு! நல்ல ஓவியங்களுக்கு ஆச்சரியக்குறி போட்டார். மிக நல்லதற்கு இரண்டு, மூன்று என்று கூடும்.

இதைத்தான் கேலி செய்தாங்க. பிரெஞ்சு எழுத்தாளர் ஸ்தெந்தால் தன் நாவலில் ஓர் ஆங்கிலேயரைக் காட்டுகிறார். வான்கோழி, ஆப்பிள், ஒரு தம்ளர் பால், எது வாங்கினாலும் ஸ்டார்க் அம்மாவின் புத்தகத்தில் விலை பார்க்காமல் காசு எடுக்க மாட்டார். படித்தவர்கள் சிரித்திருப்பாங்க. எனக்குச் சிரிப்பு வரலை. பாஷை தெரியாத ஊரில், படுத்த படுக்கையான ஆளை வைத்துக்கொண்டு பால் வாங்கப் போனவளுக்குத்தானே அந்த விலையின் அருமை தெரியும்? அதோடு, எல்லார் கையிலும் அந்தப் புத்தகம் இருந்ததால்தானே கேலியே எடுபட்டது.

1836-ல் அதே மர்ரே தன் பேரிலேயே கையேடுகளைத் தொடங்கினார். பிறகு ஜெர்மனியின் பேடெக்கர் வந்தது. ஆச்சரியக்குறி இருந்த இடத்தில் நட்சத்திரம். மரியானா பேர் மங்கிப்போச்சு. இப்போதுதான் ஆய்வாளர்கள் அவரை மறுபடி எடுத்துப் படிக்கிறாங்க.

1838-ல் நேப்பிள்ஸிலிருந்து ஊர் திரும்பும் வழியில் மிலான் நகரில் இறந்தார். ஸ்தெந்தாலின் நாவல் வந்தது அடுத்த வருஷம்.