தெலோம் ஆற்றங்கரைக்கு வந்த ரப்பர் ரிட்லி

கேமரன் மலைக்குச் சாலை வருவதற்கு 20 ஆண்டுகளுக்கும் முன்பு, 1908 நவம்பரில், ஒரு தாவரவியலாளர் தெலோம் பள்ளத்தாக்கில் செடிகளைச் சேகரித்துக்கொண்டிருந்தார். இன்று கம்போங் ராஜா வழியே ஓடும் அதே தெலோம் ஆறுதான். அவர் பெயர் ஹென்றி நிக்கோலஸ் ரிட்லி. பால்மரம் வெட்டிப் பிழைத்த தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றின் கதையிலும் அவருக்குப் பங்குண்டு.

1855-இல் இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் பிறந்த ரிட்லி, 1888-இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக வந்தார். நீரிணைக் குடியேற்றங்களின் காடுகளும் அவர் பொறுப்பில் இருந்தன. அப்போதே சிங்கப்பூரில் காடு பெரும்பாலும் அழிந்திருந்தது. கம்பிர் தோட்டக்காரர்கள் இலையைக் காய்ச்சுவதற்காகச் சுற்றியிருந்த மரங்களை விறகாக்கினார்கள். மண் சத்திழந்ததும் வேறிடம் போனார்கள். விட்டுப்போன நிலத்தில் லாலான் புல் மண்டியது.

அவருக்கு முன்பிருந்த நதானியேல் கேன்ட்லி தொடங்கி வைத்த ஒதுக்குக் காடுகளை ரிட்லி பராமரித்தார். ஆனால், 1890களின் நடுப்பகுதியில் காட்டு நிர்வாகம் அவர் கையைவிட்டுப் போனது. பிற்காலத்தில் பல ஒதுக்குக் காடுகள் கைவிடப்பட்டன. புக்கிட் தீமா தப்பியது. 1951-இல் அதற்குச் சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது. அடுக்குமாடிகள் நெருங்கிய இன்றைய சிங்கப்பூரில் மிஞ்சியிருக்கும் பழங்காடுகளில் அதுவும் ஒன்று.

ரிட்லியின் பெயர் நிலைத்தது ரப்பரால்தான். 1877-இல் லண்டன் கியூ பூங்காவிலிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்திருந்தன. அவற்றின் வழி வந்த மரங்களை ரிட்லி ஆராய்ந்தார். மரத்தைச் சிதைக்காமல், பட்டையை மட்டும் மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். சீவிய பட்டை மீண்டும் வளரும். மரம் பல்லாண்டு பால் தரும். கத்தியும் மங்குமாக விடியலில் கிளம்பிய நம் தாத்தா பாட்டிகள் கையாண்டது அந்த முறையிலிருந்து வந்த வெட்டுதான்.

தோட்டக்காரர்களைச் சந்திக்கும்போதெல்லாம் விதைகளைக் கொடுத்து நடச் சொன்னதால் அவருக்குக் கிறுக்கு ரிட்லி என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. 1896-இல் மலாக்காவின் டான் சாய் யான் முதலில் நம்பி நட்டார். காப்பி விலை சரிந்ததும் மற்றவர்களும் ரப்பருக்கு மாறினார்கள். மோட்டார் வண்டி வந்தது. டயருக்கு ரப்பர் தேவைப்பட்டது. தமிழகத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினார்கள்.

அந்தத் தோட்டங்களுக்காகத் தீபகற்பத்தின் தாழ்நிலக் காடுகள் பெருமளவில் வெட்டப்பட்டன. ஒதுக்குக் காடுகளைப் பராமரித்தவரே பரப்பிய மரம், வேறு காடுகளை விழுங்கியது. அவர் வாழ்வின் இந்த முரணை மறைப்பதற்கில்லை.

1911 வரை சிங்கப்பூரில் பணியாற்றிய ரிட்லி, நாடு திரும்பியபின் மலாய்த் தீபகற்பத் தாவரங்களைப் பற்றி 5 தொகுதிகள் எழுதினார். 83 வயதில் திருமணம் செய்துகொண்டார். நூறு வயதைக் கடந்து, 1956 அக்டோபர் 24-இல் காலமானார்.

தெலோம் பயணத்தில் கண்ட தாவரங்களின் பட்டியலை அவர் 1909-இல் வெளியிட்டார். இன்று அதே பள்ளத்தாக்கின் சரிவுகள் காய்கறித் தோட்டங்களாகிவிட்டன. கனமழை பெய்தால் ஆறு செம்மண்ணாக ஓடுகிறது. இந்த மலையில் என்னென்ன இருந்தன என்று பிள்ளைகளுக்குச் சொல்ல, அந்தப் பட்டியல் இருக்கிறது. அதில் மிச்சமிருப்பதைக் காப்பது இங்கு வாழ்பவர்கள் கையில்தான்.